சாவி குடுக்க மறந்துடாதீங்க

என் மாமியார் கடைசியாகத் தெளிவாகப் பேசிய வாக்கியம் இதுதான்: “வாட்சைச் சின்னவகிட்ட குடுத்துடுங்க. சாவி குடுக்க மறந்துடாதீங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி அவருடைய இரண்டு பிள்ளைகளும் இரண்டு மருமகள்களும் நின்றிருந்தோம். நாலு பேர் காதிலும் விழுந்தது. சின்னவள் என்பது நான். வாட்ச் என்பது அவர் மணிக்கட்டில் இத்தனை வருஷமாக இருந்த தங்க வாட்ச். அதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. சாவி என்றால் என்ன என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் மற்ற எல்லாரும்.

அந்த வாட்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நீள்சதுரம். எண்கள் கிடையாது, எண் இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள். தோல் பட்டைக்குப் பதிலாகத் தங்கக் கம்பியைத் துணி மாதிரிப் பின்னிய பட்டை. என் மாமியார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேரின் பேச்சைக் கேட்டு அலுத்ததாலோ என்னவோ, தன் பேச்சை மிகவும் சுருக்கிக்கொண்டவர். “இந்த வாட்ச் ஏது அத்தை?” என்று ஒருமுறை கேட்டேன். “எதுக்கு?” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் வாட்ச் விஷயத்தில் அவருக்குச் சட்டங்கள் இருந்தன. குளிக்கும்போது கூடாது, தூங்கும்போது கூடாது, சென்ட் பட்டால் அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார். பவுடரும் கூடாது என்பார். அந்தச் சட்டத்தை மட்டும் அவரே கழுத்து முழுக்கப் பவுடரைக் கொட்டிக்கொண்டு மீறுவார். காலையில் எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் வாட்சைக் கட்டுவார். கட்டுவதற்கு முன் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு அதன் முதுகைக் கட்டைவிரலால் தேய் தேய் என்று தேய்ப்பார். வேர்வை போகத் துடைக்கிறார் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

எல்லாம் முடிந்தபின், ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் அவருடைய மூக்குக்கண்ணாடி, பல்செட்டு டப்பா, வாட்ச். வாட்ச் நின்றிருந்தது. பையை நான் வாங்கினேன் என்பதுதான் நான் செய்த ஒரே குற்றம். பிற்பாடு அது பெரிய குற்றமாக வளர்ந்தது.

வளர்த்தவர் என் கணவரின் அண்ணா. அவரை நான் அத்தான் என்பேன். வீட்டில் அவருக்கு ‘நிபுணர்’ என்று பெயர். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஒருநாள் கிண்டலாக வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புது ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், வகுப்பிலிருந்து பெறவில்லை. பழம்பொருள்களை அடையாளம் காண்பது எப்படி என்று கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பூதக்கண்ணாடியும் வெள்ளைக் கையுறையும் வாங்கிக்கொண்டு, வீட்டிலுள்ள ஓட்டை உடைசல்களுக்கெல்லாம் பரம்பரை எழுத ஆரம்பித்தார். நசுங்கிய செம்பு ஒரு கப்பல் தலைவனுடையது ஆயிற்று. தளபதியின் கைத்தடி என்று சுவரில் மாட்டியிருப்பது, சின்ன வயதில் தான் தொங்கி உடைத்த திரைச்சீலைக் கம்பி என்று என் கணவருக்கு நன்றாகத் தெரியும்.

“சொல்லவேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“விடு. அண்ணாவுக்கு அதுல ஒரு சந்தோஷம்.”

என் கணவர் இப்படி ‘விடு’ என்று சொல்லிச் சொல்லியே எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதியை விட்டிருக்கிறார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் போனபின் ஒருநாள் அத்தான் அந்தப் பையிலிருந்து வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையுறை மாட்டினார். என்னைப் பார்த்தார்.

“சாவி எங்க?”

“எந்தச் சாவி அத்தான்?”

“அம்மா சொன்ன சாவி.”

“சாவி குடுக்கிறதுன்னா வாட்சைத் திருகுறது அத்தான். எங்கப்பா கூட அலாரத்துக்குச் சாவி குடுப்பார். சாவின்னு தனியா எதுவும் கிடையாது.”

அவர் சிரித்தார். வகுப்பில் யாராவது தப்பாகப் பதில் சொன்னால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. “அது எனக்குத் தெரியாதாம்மா? சரி, திருகு. எதைத் திருகுவேன்னு காட்டு.”

வாட்சை எடுத்துப் பார்த்தேன். எல்லா வாட்சுக்கும் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ் இருக்குமே, அது இதில் இல்லை. இந்தப் பக்கம் வழவழ. அந்தப் பக்கமும் வழவழ. குமிழ் உடைந்த அடையாளம் கூட இல்லை. என் கட்சி அங்கேயே தோற்றது.

“பார்த்தியா. ரொம்பப் பழைய கடிகாரங்களுக்குக் குமிழ் கிடையாது. தனிச் சாவிதான். அம்மா என்ன சொன்னாங்க? ‘வாட்சைக் குடுத்துடுங்க, சாவி குடுக்க மறந்துடாதீங்க.’ ரெண்டு பொருள். ஒண்ணு இங்க இருக்கு. இன்னொண்ணு எங்க?”

“அப்படின்னா இது எந்தக் காலத்து வாட்ச் அத்தான்?”

“நூத்தைம்பது வருஷம் இருக்கும்.”

“நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி கையில வாட்ச் கட்டினாங்களா?”

“சாதாரண ஜனங்க கட்டலை,” என்றார் அத்தான்.

வகுப்பு முடிந்தது.

ஆராய்ச்சிக்கு என்று வாட்சை அவரே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் சாவி வேட்டை. மாமியாரின் அலமாரியைக் கவிழ்த்தார்கள். பெட்டிச் சாவி, தையல் மிஷின் டிராயர் சாவி, எப்போதோ விற்ற சைக்கிளின் பூட்டுச் சாவி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் அத்தான் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். “இதுல சாவி போட ஓட்டையே இல்லையே அண்ணா” என்று என் கணவர்கூட ஒருமுறை வாய்திறந்து கேட்டார். துளை காலப்போக்கில் தூர்ந்துவிட்டது என்று அத்தான் விளக்கினார். தங்கம் தூருமா என்று என் கணவர் கேட்கவில்லை. விட்டுவிட்டார்.

பிறகு விசாரணை என் பக்கம் திரும்பியது. பல்செட்டு டப்பாவில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா? பையை உதறினேனா? தலையணை உறையைத் துவைக்கப் போடும்போது பார்த்தேனா? நான் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள் அணு அளவு அழுக்கைத் தேடுவதுதான் என் பிழைப்பு. ஒரு சாவியைத் தவறவிடுவேனா என்று கேட்டேன்.

“வேலையில கவனமா இருக்கிறவங்க வீட்டுல கவனமா இருக்கணும்னு சட்டம் இல்லையேம்மா,” என்றார் அத்தான், மிகவும் இரக்கமாக.

அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். அவர் என்னை மன்னித்துக்கொண்டே இருந்தார். தொலைவிலிருக்கும் சொந்தக்காரர்கள் போன் பண்ணி, “எல்லாரும் சௌக்கியமா? சாவி கிடைச்சுதா?” என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். நான் ஒரு வீட்டுக்குப் போனால் என் கைப்பையில் தொங்கும் சாவிக்கொத்தை இரண்டு தடவை பார்த்தார்கள்.

ரிப்பேர் கடைக்குக் கொண்டு போகலாம் என்றால், கண்டவன் கை பட்டால் அதன் வரலாறு போய்விடும் என்று அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. என் தொல்லை தாங்காமல், பெரிய கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள ஒரு ஷோரூமுக்கு மட்டும் கூட்டிப்போனார். அங்கே கோட்டு போட்ட ஓர் இளைஞர் வாட்சை வெல்வெட் தட்டில் வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் சட்டைப்பையில் ‘ஆலோசகர்’ என்று பித்தளைத் தகடு.

“குமிழ் இல்லைன்னா ஆட்டோமேட்டிக் சார். கை அசைவுலயே ஓடும். யாராவது கட்டி ஆட்டணும்.”

அத்தான் கோட்டு போட்டவர்களை மதிப்பவர். சாவி என்று ஒன்று தொலைந்தேயாகவேண்டும் என்ற கொள்கையைக் கொஞ்சநேரம் ஒத்திவைத்தார். “நீ கட்டி ஆட்டு,” என்று தம்பியிடம் சொன்னார். என் கணவரின் மணிக்கட்டு தேங்காய் பருமன். கொக்கி எட்டவில்லை. கைக்குட்டையால் சேர்த்துக் கட்டினோம். பஸ் நிறுத்தத்தில் நின்று அவர் கையை முன்னும் பின்னும் வீசினார். ஒரு பஸ் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நின்றுவிட்டுத் திட்டிவிட்டுப் போயிற்று. வாட்ச் ஓடவில்லை. என் கணவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கத் தைல வாசனை.

“அண்ணாகிட்ட வலிக்குதுன்னு சொன்னீங்களா?” என்றேன்.

“விடு,” என்றார், கையைத் தூக்க முடியாமல்.

ஆக, கொள்கை திரும்பி வந்தது. முன்னைவிடப் பலமாக வந்தது. ஏனென்றால் இதற்குள் அத்தான் வாட்சின் முதுகில் முத்திரையைக் கண்டுபிடித்திருந்தார். உண்மைதான், பின்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு தட்டு இருந்தது. விளிம்பில் பொடிப்பொடியாகக் கோடுகள். “கதிர்கள்,” என்றார் அத்தான். “சூரிய முத்திரை. அரச குடும்பங்கள் பொருள்மேல போடுறது. யாரும் இதைத் தொடக்கூடாது.”

கொக்கியில் 750 என்று ஓர் எண் பொறித்திருந்தது. எழுநூற்றைம்பதாவது அரண்மனைப் பொருள் என்றார்.

என் ஓரகத்தியை அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கு நகை தெரியும். “என்னங்க, அது தங்கத்தோட தரம். ஆயிரத்துல எழுநூத்தைம்பது பங்கு தங்கம்னு அர்த்தம். பதினெட்டு கேரட். என் கல் வளையல்லயே போட்டிருக்கு, காட்டட்டுமா?”

“உனக்கு எதைப் பார்த்தாலும் நகைக்கடைதான்,” என்றார் அத்தான். வளையலைப் பார்க்க மறுத்துவிட்டார். பார்த்தால் அந்த வளையலும் அரண்மனைக்குப் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

நான் நேராகக் கேட்டேன். “அத்தான், அத்தை எனக்குன்னு சொன்ன வாட்ச். ஓடினா ஓடட்டும், ஓடலைன்னா போகட்டும். எங்கிட்ட குடுத்துடுங்க.”

“குடுக்கமாட்டேன்னு சொன்னேனாம்மா? அம்மா சொன்னது ரெண்டையும் குடுக்கச் சொல்லி. ஒண்ணை மட்டும் குடுத்தா அம்மா வார்த்தையைப் பாதிதான் காப்பாத்தினதா ஆகும். என் வாழ்க்கையில நான் எதையும் பாதியா செஞ்சதில்லை. நீ சாவியைக் கொண்டா, அந்த நிமிஷமே வாட்ச் உன் கையில.”

இல்லாத சாவியை நான் எங்கே போய்க் கொண்டுவருவது? அன்று ராத்திரி நான் சமைக்கவே இல்லை. என் கணவர் பிஸ்கட் சாப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம் அத்தான் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வாங்கினார். உள்ளே நீலத் துணி, மேலே குட்டி விளக்கு, முன்னால் பூட்டு. பூட்டின் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் முன்னிலையில் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு ஹாலில் ‘குடும்ப அரும்பொருள் கூடம்’ திறப்பு. வாட்சுக்கு ஓர் அட்டையும் அச்சடித்திருந்தார். போய்ப் படித்தேன்.

‘சூரிய முத்திரை பொறித்த சீமாட்டியின் பொன் கடிகாரம். அரண்மனை எண் 750. இதன் பொற்சாவி குடும்பத்தாரின் கவனக்குறைவால் தொலைந்தது.’

சாவி இப்போது தங்கமாகவும் ஆகிவிட்டது.

“அத்தான், அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க.”

“ஏம்மா? உன் பேரா போட்டிருக்கேன்? குடும்பத்தார்னு பொதுவாத்தானே போட்டிருக்கேன்.”

“பொதுவா போட்டாலும் எல்லாரும் என்னைத்தானே பார்ப்பாங்க.”

“அப்படி உனக்குத் தோணினா...” என்று நிறுத்தி, மறுபடியும் இரக்கமாகப் பார்த்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு. அந்த அட்டை அங்கே கண்ணாடிக்குள் இருக்கும். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் படிப்பார்கள். என் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனாலும் படிப்பார்கள். மாமியாரோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் நான். அவருக்கு நான் செய்ததெல்லாம் போய், அவர் பொருளைத் தொலைத்தவள் என்பது மட்டும் நீலத்துணியில் விளக்குப் போட்டு நிற்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். “வாட்சுல ஒரே அழுக்கு. நாளைக்கு விளக்கு வெளிச்சத்துல அசிங்கமா தெரியுமாம். துடைக்கச் சொல்லிட்டு நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போயிருக்கார். எனக்குக் கை நடுங்குது. நீதான் பல்லிடுக்கையே சுத்தம் பண்றவளாச்சே, வாயேன்.”

“பெட்டிச் சாவி?”

“கயித்தோட கழட்டி வச்சுட்டுப் போயிருக்கார். கையுறை போட்டுக்கணுமாம். முத்திரையைத் தொடக்கூடாதாம்.”

போனேன். சமையலறை மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்தோம். ஏதாவது கழன்று விழுந்தால் உருண்டு போகாமல் துண்டிலேயே நிற்கும். தண்ணீரைக் கிட்டே சேர்க்கவில்லை. கண்ணாடி துடைக்கும் துணியால் முகத்தை ஒற்றினேன். மூச்சு விட்டு ஊதி ஈரமாக்கவும் இல்லை. பின்னல் பட்டைக்குள் வருஷக்கணக்கில் பவுடர். குழந்தைகள் பிரஷ் ஒன்றை எடுத்துக் காய்ந்தபடியே பின்னலின் போக்கில் தள்ளத் தள்ள, வெள்ளைவெள்ளையாக உதிர்ந்தது. மாமியாரின் கழுத்து வாசனை அடித்தது. அக்காவும் குனிந்து ஒருமுறை முகர்ந்தாள்.

திருப்பினேன். முத்திரை. அதைச் சுற்றியிருந்த பள்ளத்தில் பவுடரும் வேர்வையும் கலந்து காரை மாதிரி இறுகியிருந்தது. பல்லிடுக்கில் இருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. கையுறையைக் கழற்றினேன்.

“ஏய், தொடாதேன்னாரே.”

“மன்னிச்சுடுவார் அக்கா. அவருக்கு அது பழக்கம்தானே.”

பல்குத்தும் குச்சியின் முனையை மழுக்கி, பள்ளத்தில் மெதுவாகச் சுற்றி இழுத்தேன். அழுக்கு நூல் மாதிரி வந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் குச்சியோடு முத்திரையும் கொஞ்சம் நகர்ந்தது.

உடைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சாவியைத் தொலைத்தவள், இப்போது சூரியனையும் பெயர்த்தவள். அட்டையில் இன்னொரு வரி. நகர்ந்ததை இருந்த இடத்துக்கே கொண்டுபோகலாம் என்று கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன்.

கிர்ர் என்றது.

அந்தக் கோடுகள் விரல் வழுக்காமல் பிடிக்க வெட்டியவை. என் கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு தேய் தேய் என்று தேய்க்கும் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அவர் ஒருநாளும் வேர்வை துடைக்கவில்லை. எங்கள் கண்ணெதிரிலேயே தினமும் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருத்தரும் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கிர்ர், கிர்ர். இறுக்கம் தட்டியதும் நிறுத்தினேன். அதற்குமேல் முறுக்கினால் உள்ளே சுருள் அறுந்துவிடும் என்று அலாரத்தைத் திருகும்போதே அப்பா கத்துவார். வாட்சைக் காதில் வைத்தேன். பிறகு அக்காவின் காதில் வைத்தேன். அக்கா துண்டின் ஒரு முனையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“முத்திரையாம்! கதிராம்! தொடக்கூடாதாம்!”

“வரட்டும் அக்கா, வந்த உடனே...”

“இரு.” அக்கா துண்டை எடுத்தாள். இத்தனை வருஷம் அத்தானோடு குடித்தனம் நடத்தியவளின் முகம் அது. “இப்ப சொன்னேன்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் தானே கண்டுபிடிச்சதா பேசுவார். நீ துடைச்சவ, அவ்வளவுதான். முதல்ல அவர் பேசட்டும். ஊர் கேட்கப் பேசிட்டார்னா அதைத் திருப்பி வாங்க முடியாது.”

வட்டத்தை நகத்தால் லேசாக வெளியே இழுத்துச் சுற்றினால் முள்ளும் நகர்ந்தது. மணியைச் சரியாக வைத்து, உள்ளே அழுத்தி, வாட்சைப் பெட்டியில் படுக்கவைத்துப் பூட்டினோம். காலையில் அவர் குளிக்கும்போது அக்காவே இன்னொரு தடவை சாவி கொடுத்துவிட்டதாகப் போனில் கிசுகிசுத்தாள். முள்ளைக் கூர்ந்து பார்க்காதவர்களுக்கு ஓடுகிற வாட்சும் நிற்கிற வாட்சும் ஒன்றுதான். அத்தான் பெட்டியைத் திறக்காமல் அட்டையை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டுத் திருப்தியாகப் போனாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வாடகை நாற்காலிகள். செயலாளர், அவர் மனைவி, இன்னும் சில குடியிருப்புக்காரர்கள். செயலாளர் மனைவிக்கு வேறெங்கோ போகவேண்டியிருந்தது. வாசல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். என் கணவர் கடைசி வரிசையில் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணாவைக் காப்பாற்றிவிடுவார்.

அத்தான் செம்பைப் பற்றிப் பேசினார். திரைச்சீலைக் கம்பியைப் பற்றிப் பேசினார். ஒரு பெரியவர் அதன் முன் தலைவணங்கினார். பிறகு அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

“இது எங்கள் தாயாரின் கடிகாரம். முதுகில் சூரிய முத்திரை. அதைக் கை படாமல் காத்து வருகிறோம். துரதிர்ஷ்டவசமாக இதன் சாவி...” நிறுத்தினார். எல்லாரும் அட்டையைப் படித்தார்கள். படித்துவிட்டு, நான் நினைத்தபடியே, என்னைப் பார்த்தார்கள். “யாரையும் நான் குறை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் சாவி இல்லாமல் இந்தக் கடிகாரம் இனி ஒருபோதும் ஓடாது. இது காலத்தை நிறுத்திவைத்திருக்கும் கடிகாரம்.”

கைதட்டினார்கள். செயலாளர் மனைவி மெதுவாக எழுந்து பெட்டிக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

“பதினொண்ணேகால் ஆச்சா? ஐயோ, நான் கிளம்பணுமே,” என்றார். பிறகு மறுபடி குனிந்தார். “ஏங்க, இது சரியான மணியைத்தானே காட்டுது? ஓடுதுங்க!”

செயலாளர் தன் போனைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. கூட்டம் பெட்டியைச் சுற்றிக்கொண்டது.

அத்தான் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் குழப்பம் துளியும் இல்லை. அதுதான் அந்த மனிதர்.

“நான் எதிர்பார்த்ததுதான்,” என்றார். “சரியான வெளிச்சம், சரியான சூழல் அமைஞ்சா பழம்பொருள் தானாவே உயிர் பெறும். அதனாலதான் இந்தப் பெட்டியையே செஞ்சேன்.”

மறுபடி கைதட்டப் போனார்கள். எனக்குப் பொறுமை அத்தோடு தீர்ந்தது. முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“அத்தான், சாவி குடுங்க.”

“எந்தச் சாவி?”

“கழுத்துல தொங்குதே, அந்தச் சாவி.”

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். திறந்தேன். வாட்சை எடுத்துத் திருப்பி, முத்திரைமேல் கட்டைவிரலை வைத்தேன்.

“ஏய், ஏய், முத்திரை!”

கிர்ர், கிர்ர். சத்தம் முன்வரிசை வரை கேட்டது.

“அத்தை தினமும் இப்படித்தான் சாவி குடுத்தாங்க. குமிழ் பக்கத்துல இல்லை, முதுகுல இருக்கு. சாவின்னு தனியா எதுவும் எப்பவும் இல்லை. இல்லாததை நான் தொலைக்கலை.” கடைசி வாக்கியத்தைச் செயலாளரைப் பார்த்துச் சொன்னேன், பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, பிறகு ஒவ்வொருவராக.

செயலாளர் மனைவி எட்டிப் பார்த்து, “அட, பின்னாடியா! நல்ல யோசனைதான், குமிழ் சட்டைக் கையில மாட்டாது பாருங்க,” என்றார். அவர் கிளம்பவேண்டியதை மறந்துவிட்டார்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். “கவனிச்சீங்கன்னா,” என்று கூட்டத்திடம் சொன்னார், “இந்தக் கடிகாரத்துல முக்கியமான பகுதி அந்த வட்டம்தான்னு முதல்லயே அடையாளம் காட்டினது நான்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள்.

வாட்சை அங்கேயே கட்டிக்கொண்டேன். கொக்கி எனக்கு அளவெடுத்த மாதிரி விழுந்தது. அட்டையை எடுத்து நாலாகக் கிழித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே போட்டால் அதற்கும் ஒரு பெட்டி செய்துவிடுவார். வெளியே வந்ததும் என் கணவர், “அண்ணா முகத்தைப் பார்த்தியா? பாவம்,” என்றார்.

“விடுங்க,” என்றேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். போன் அடித்தது. அக்கா.

“உன்கிட்ட கேட்கச் சொல்றார்டி. எனக்கே கேட்க வெட்கமா இருக்கு.”

“என்ன அக்கா?”

“கண்ணாடிப் பெட்டியோட சாவியைக் காணோமாம். நேத்து கடைசியா உன் கையிலதான் இருந்துச்சாம். யாரையும் குறை சொல்லலையாம். தொலைஞ்சிருந்தாலும் பரவாயில்லையாம், ஒப்புக்கிட்டா போதுமாம்.”

பின்னணியில் அத்தானின் குரல், மிகவும் இரக்கமாக: “அதட்டாம கேளு.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். சாவி பூட்டிலேயே தொங்குகிறது, நான் எடுக்கவேயில்லை. அவர் பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. வாட்சின் முதுகில் கட்டைவிரலை வைத்தேன்.

“வேலையா இருக்கேன்னு சொல்லுங்க அக்கா.”

“என்ன வேலைன்னு கேட்பாரே.”

“சாவி குடுத்துட்டிருக்கேன்னு சொல்லுங்க.”